ஒரு சிலிண்டருக்கு மறு ஏலம்

என் தங்கை ஃபீபியை ஆம்பூரில் பாதிப் பேருக்கு "போர்டு ஃபீபி" என்று சொன்னால்தான் தெரியும். ரயில்வே மேம்பாலத்தை விட்டு இறங்கியதும் இடது பக்கம் இருக்கும் கேஸ் ஏஜென்சி அவளுடையது. அரசாங்கக் கம்பெனியின் ஏஜென்சி இல்லை, தனியார் கம்பெனி. வீட்டுச் சிலிண்டர் அங்கே கிடைக்காது. பிரியாணிக் கடை, டீக்கடை, பேக்கரி, ஷூ கம்பெனி கேன்டீன் ஆகியவற்றுக்குப் போகும் பத்தொன்பது கிலோ சிலிண்டர் மட்டும்தான்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். தினமும் காலையில் அன்றைய விலையைச் சாக்பீஸால் எழுதுவாள். விலைக்குக் கீழே அது ஏன் ஏறியது அல்லது ஏன் இறங்கியது என்று ஒரு வரி இருக்கும். "கப்பல் வாடகை குறைந்தது, விலை குறைகிறது" என்பதுபோல. மற்ற ஏஜென்சிகள் விலை ஏறினால் சொல்வார்கள், இறங்கினால் மறந்துவிடுவார்கள். ஃபீபி இரண்டையும் எழுதுவாள். டீக்கடைக்காரர்கள் வண்டியை நிறுத்தாமலே படித்துவிட்டுப் போவார்கள்.

நான் அவளுக்கு ஆறு வயது மூத்தவன். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, ஒரு தோல் கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனேன். இன்றுவரை அதே வேலைதான். அவள் வேலூரில் பி.காம். படித்தாள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. அவளைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். போன வருடம் நடந்த சிலிண்டர் ஏலத்தைப் பற்றியும் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் அவளுடைய கொள்கையைச் சொல்லவேண்டும். அது புத்தகத்திலிருந்து வந்ததில்லை. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ரேஷனில் மண்ணெண்ணெய் வாங்க அவளைத்தான் அனுப்புவார்கள். ரேஷன் மண்ணெண்ணெய் நீல நிறத்தில் இருக்கும். வெளியே விற்பதிலிருந்து பிரித்துத் தெரியட்டும் என்று அரசாங்கம் சாயம் கலந்திருந்தது. ஒருநாள் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் "ஸ்டாக் இல்ல" என்ற பதிலைக் கேட்டுவிட்டு வெறுங்கேனோடு திரும்பினாள். வரும் வழியில் ஒரு மெக்கானிக் கடையில் லாரி இஞ்சினைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாளியில் இருந்தது நீல எண்ணெய். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "அது அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை.

பிறகு பி.காம். முடித்து ஒரு ஷூ கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் சேர்ந்தாள். பாய்லருக்கு ஃபர்னஸ் ஆயில், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவது அவள் பொறுப்பு. பன்னிரண்டு வருடம் அதைச் செய்தாள். அதற்குள் அவள் மனதில் ஒரு முடிவு உறைந்துவிட்டது. அதை அவள் சொல்லும் விதம் இது:

"ஒரே பொருளுக்கு ரெண்டு விலை வெச்சா, நடுவுல ஓடறதுக்கு ஒரு ஆளு பொறந்துடுவான். அவனைப் பிடிக்க ஒரு ஆபீசரு. ஆபீசரைப் பிடிக்க இன்னொரு ஆபீசரு. இத்தனை பேருக்கும் சம்பளம் குடுக்கற காசை ஏழைங்க கையில குடுத்துட்டு, விலையை அது பாட்டுக்கு விட்டுடலாம்."

எண்ணெயும் கேஸும் நம் மண்ணில் இருந்தால் யார் வேண்டுமானாலும் எடுக்கட்டும், இறக்குமதி செய்பவன் செய்யட்டும், விற்பவர்கள் போட்டி போடட்டும், விலையை மேலே இருந்து ஒருவர் நிர்ணயிக்கக் கூடாது என்பது அவள் கட்சி. குழாய் வழியாகக் கேஸ் வரப்போகிறது என்ற பேச்சு வந்தபோது, "நல்லது, சீக்கிரம் வரட்டும். ஒரே குழாயில பல பேரு விக்கலாம்னு மட்டும் வரணும்" என்றாள். குழாய் வந்தால் அவள் வியாபாரம் படுத்துவிடும். அது தெரிந்தே சொன்னாள்.

எங்கள் வீட்டிலேயே அவளுக்கு எதிர்க்கட்சி உண்டு. என் மனைவி ரெனிட்டா மன்னார்குடிப் பக்கத்துக்காரி. டெல்டாவில் கேஸ் கிணறு தோண்டக் கூடாது என்று அவள் அப்பா சாலையில் உட்கார்ந்து போராடியவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டில் இருவரும் தொடங்கிவிடுவார்கள்.

"அண்ணி, உங்கப்பா நெலத்துக்கு அடியில கேஸ் இருந்தா அது யாருது?"

"கவர்மென்ட்டுது."

"அதான் பிரச்சனை. அவருதா இருந்தா அவரு யோசிச்சிப் பாப்பாரு. புடிச்சா குடுப்பாரு, புடிக்கலைன்னா கேட்டை சாத்திடுவாரு. இப்ப அவருக்குப் புகையும் சேறும்தான் பங்கு. எதிர்க்காம இன்னா பண்ணுவாரு?"

"எங்கப்பா வேணாம்னுதான் சொல்லுவாரு."

"சொல்லட்டுமே. அந்த வேணாமை யாரும் தாண்டக் கூடாதுன்னுதான் நானும் சொல்றேன்."

"பக்கத்து வயக்காரன் சரின்னுட்டா? கேஸை அவன் விப்பான், கெட்டுப்போன தண்ணி எங்க கெணத்துக்கு வரும். தண்ணிக்கு வேலி போட முடியுமா? பாலாத்துல போயி பாரு. தோலு யாவாரத்தை இங்க யாரு தடுத்தா? கெணத்துத் தண்ணி என்னாச்சு?"

"ஆறு யாருக்கும் சொந்தமில்ல, அதான் கேக்க ஆளில்ல."

"சொந்தமா இருந்திருந்தா அவன் முன்னாடியே வித்துட்டுப் போயிருப்பான்."

இந்த இடம் வந்தால் ஃபீபி சோற்றைப் பிசையத் தொடங்குவாள். ரெனிட்டா அவள் தட்டில் இன்னொரு துண்டு மீன் போடுவாள். நான் தோல் கம்பெனிச் சம்பளத்தில் வாழ்பவன், வாயைத் திறப்பதில்லை. இந்த விவாதம் இன்றுவரை முடியவில்லை.

அப்படிப் பேசிக்கொண்டிருந்தவள், ஏழு வருடங்களுக்கு முன் ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஏஜென்சி எடுத்தாள். ஃபீபி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையை விட்டபோது, "இந்த வயசுல இது தேவையா?" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை, இந்த ஏஜென்சிதான். அதைக் கம்பெனி மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும். புதுப்பிக்கும்போது பார்க்கிற முக்கியமான விஷயம், எத்தனை கடைகள் தொடர்ந்து வாங்குகின்றன என்பது. சின்னக் கடைகள்தான் அவளுடைய பலம். அவர்கள் போய்விட்டால் ஏஜென்சியும் போய்விடும்.

போன வருடம் புதுப்பிக்க வேண்டிய அதே மாதத்தில்தான் டேங்கர் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

லாரி ஓடாததால் சிலிண்டர் நிரப்பும் பாட்டிலிங் பிளான்ட்டுக்குக் கேஸ் வரவில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் ஃபீபியின் குடோனில் நாற்பது சிலிண்டர்தான் மிச்சம். அவளிடம் வாங்கும் கடைகளோ அதைப்போல மூன்று மடங்கு. அரசாங்கக் கம்பெனி ஏஜென்சிகள் பழைய விலையையே வைத்திருந்தன. ஆனால் எதுவும் கிடைக்கவில்லை. காலையில் ஷட்டர் தூக்கினால் "ஸ்டாக் இல்லை" என்று அட்டை தொங்கும்.

அப்போது பஞ்சாட்சரம் வந்தார். கல்யாண மண்டபங்களுக்குச் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். முகூர்த்த மாதம். நாற்காலியில் உட்காரும்போதே, "நாப்பதும் எனக்கு வேணும், வெலைய நீயே சொல்லும்மா" என்றார்.

நானும் அன்று கடையில் இருந்தேன். ஃபீபியின் கொள்கைப்படி இதற்கு மேல் என்ன வேண்டும், கேட்ட விலை கிடைக்கிறதே என்று எனக்குத் தோன்றியது.

"மொத்தமா குடுக்கறதில்லைங்க. நாளைக்குக் காலையில ஏலம் விடறேன். ஒவ்வொண்ணா. வந்து கேளுங்க" என்றாள்.

"நாப்பதையும் நானே கேட்டா?"

"கேட்டு எடுங்க. மத்தவங்க விட்டுக்குடுத்தா உங்களுதுதான்."

அவர் போன பிறகு, "இன்னாத்துக்கு இந்த வேலை?" என்று கேட்டேன். "யாருக்கு ரொம்ப அவசரம்னு எனக்கு எப்படித் தெரியும் அண்ணா? கேட்டா எல்லாரும் எனக்குத்தான்னு சொல்லுவாங்க. ஆளுக்கு ஒண்ணுன்னு குடுத்தா தேவையில்லாதவனும் ஒண்ணு வாங்கி உள்ள வெப்பான். விலை ஏறினாதான் யாருக்கு இது இல்லாம முடியும்னு தெரியும்" என்றாள். அதோடு, "பஞ்சாட்சரம் இன்னைக்கு வந்தாரு. கடைக்காரங்க ஆறு வருஷமா வர்றாங்க. அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே கதவை மூட முடியாது" என்றும் சொன்னாள்.

ஏலம் விடுவது அவளுக்குப் புதிதில்லை. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்தை ஆறு வருடமாக அவள்தான் நடத்துகிறாள். சபையார் கொண்டுவந்து படைத்த பூசணிக்காய், வாழைத்தார், கோழி, கேக் எல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு வரும். அவள் குரல் மைக் இல்லாமலே கேட் வரைக்கும் கேட்கும். அந்த ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, பொருளைத் திரும்ப மேசையிலேயே வைத்துவிடலாம். "மறு ஏலம்" என்பார். உடனே அதே பூசணிக்காய் மறுபடி ஏலத்துக்கு வரும். இரண்டு பணமும் சபைக்குத்தான். சபையின் செயலாளர் ஜெஃப்ரி அய்யா, ஆஸ்பத்திரியில் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரே பூசணிக்காயை மூன்று முறை எடுத்து மூன்று முறையும் திருப்பிக் கொடுத்தவர். அந்தப் பண்டிகையில் அவருக்குக் கைதட்டாதவர்கள் கிடையாது.

மறுநாள் காலை கடை வாசலில் நல்ல கூட்டம். சிலிண்டர்கள் குடோனிலேயே இருந்தன. இங்கே ஏலம் போனது டெலிவரிச் சீட்டுதான். முன்வரிசையில் அமீர் பாஷா உட்கார்ந்திருந்தார். பஜாரில் சின்ன பிரியாணிக் கடை வைத்திருப்பவர், ஃபீபியின் முதல் கஸ்டமர்.

"கசாப்புக் கடையில ஆட்டைக் கூப்ட்டு உக்கார வெச்ச மாதிரி கீதும்மா" என்றார்.

"ஆடு வாயைத் தொறந்து வெலை கேக்காது பாய். நீங்க கேக்கலாம்."

"எதுக்கு? என் கழுத்துக்கா?"

கூட்டம் சிரித்தது. ஏலம் தொடங்கியது. முதல் பத்து, பன்னிரண்டு சீட்டும் பஞ்சாட்சரத்துக்கே போயின. விலை ஏறிக்கொண்டே இருந்தது. சின்னக் கடைக்காரர்களின் முகம் இறுகியது. அப்போது அமீர் பாஷா எழுந்தார்.

"எனக்கு வேணாம். ஸ்ட்ரைக்கு தீர்ற வரைக்கும் நான் வெறகுல அடுப்பு ஏத்திக்கிறேன். எங்க நன்னா காலத்துல கேஸா இருந்துது? பிரியாணி வெறகுலதான் நல்லா வரும். இனிமே கேஸு ஜாஸ்தி ஆச்சுன்னு எவனும் எங்கிட்ட வெலை ஏத்த முடியாது."

அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பிரியாணிக் கடைக்காரர்கள் எழுந்து போனார்கள். விறகு வைக்க இடமில்லாத டீக்கடையும் பேக்கரியும்தான் மிஞ்சின. பஞ்சாட்சரமும் கணக்குப் போட்டுப் பார்த்து, சாதத்தை விறகில் வடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கவேண்டும், ஒரு கட்டத்துக்கு மேல் எப்போதாவது ஒன்றுதான் கேட்டார். விலை நின்று, மெல்ல இறங்கவும் தொடங்கியது. ஃபீபி என் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும்.

ஜெஃப்ரி அய்யா அப்போதுதான் வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் அன்பின் விருந்து. இருநூறு பேருக்குச் சமைக்க ஒரு சிலிண்டர் குறைந்தது. கமிட்டி அவரை அனுப்பியிருந்தது. அவர் நுழைந்த நேரம் ஃபீபி, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்கு என்ன ஆனதோ, கையைத் தூக்கி, எல்லோரையும் தாண்டி ஒரு பெரிய விலை சொன்னார்.

"மூணு தரம். ஜெஃப்ரி அங்கிள்."

அய்யா முன்னால் வந்தார். பணத்தை எண்ணி மேசையில் வைத்தார். சீட்டை வாங்கி ஒருமுறை உயர்த்திக் காட்டினார். பிறகு அதை மேசையிலேயே வைத்துவிட்டு, "மறு ஏலம்" என்றார்.

கூட்டத்தில் பாதி எங்கள் சபை ஆட்கள். கைதட்டிவிட்டார்கள். ஃபீபியும் சீட்டைக் கையில் எடுத்து, நிறுத்தாமல், "மறு ஏலம்... யார் கேக்கறீங்க?" என்று தொடர்ந்துவிட்டாள். நானும் கைதட்டினேன். அது பஞ்சாட்சரத்துக்குப் போனது. அங்கிருந்த ஒருவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. மற்றவர்கள் இதுவும் ஏலத்தின் விதி போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

சாயங்காலம் சபை வேனோடு ஜெஃப்ரி அய்யா வந்தார்.

"சிலிண்டரை ஏத்தச் சொல்லும்மா."

"எந்த சிலிண்டரு அங்கிள்?"

"காலையில எடுத்தேனே."

"நீங்கதான் திருப்பிக் குடுத்துட்டீங்களே."

"யாருக்கு?"

ஃபீபி தன் பணப்பெட்டியைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "எனக்கு நம்ம கோயில் ஏலத்துல நிக்கிற மாதிரியே இருந்துதும்மா. நீ மூணு தரம்னு சொன்னதும் வாய் தானா சொல்லிடுச்சு. அது கமிட்டிக் காசு" என்றார்.

"என் வாயும்தான் அங்கிள்" என்றாள் ஃபீபி.

பூசணிக்காயில் இரண்டு பணமும் சபைக்குப் போகும். இங்கே இரண்டும் அவள் பெட்டியில் இருந்தன. ஒரே சிலிண்டரை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறாள். விஷயம் அதற்குள் பஜாருக்குப் போய்விட்டது. பஞ்சாட்சரம் கம்பெனிக்குப் போன் செய்து, "ஒங்க ஏஜென்ட் ஒரே சிலிண்டரை ரெண்டு தடவை வித்துட்டாங்க" என்று சொல்லிவிட்டார். அது பொய்யில்லை. கம்பெனியின் ஏரியா அதிகாரி அன்பரசன் ஃபீபிக்குப் போன் செய்தார். திங்கட்கிழமை நேரில் வருவதாகவும், புதுப்பிக்கும் காகிதத்தில் அதுவரை கையெழுத்துப் போட முடியாது என்றும் சொன்னார்.

"அய்யாவோட காசைக் குடுத்துடு, தீர்ந்துடும்" என்றேன்.

"தீராது அண்ணா. அவரு ஏலத்துல எடுத்தது கேஸு. ஏலத்துல சொன்ன வார்த்தை அவரை மட்டும் கட்டாது, என்னையும் கட்டும். கேஸுதான் குடுக்கணும்."

ஆனால் குடோன் காலி. அப்போது ரெனிட்டாவும் அங்கே வந்திருந்தாள். அவள்தான், "அமீர் பாய் வெறகுக்கு மாறுனாருல்ல, அவருகிட்ட மிச்சம் இருக்கும்" என்றாள். மூவருமாகப் போனோம்.

அமீர் பாஷா கடைக்குப் பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். புகையில் கண் சிவந்திருந்தது. ஃபீபி விஷயத்தைச் சொல்லி, நிரம்பிய சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்டாள்.

"கீது. ரெண்டு கீது. வெலை?"

"நீங்க சொல்லுங்க."

"நான் எதுக்கு சொல்லணும்? நீயே காலையில கத்துக்குடுத்தே." அவர் ஒரு விறகுக்கட்டையின் மேல் ஏறி நின்றார். "ஏலம் விடறேன். யார் கேக்கறீங்க?"

"பாய், நான் ஒருத்திதான் கீறேன்."

"அது உன் பேஜாரு. கேளு."

ஃபீபி அன்றைய ஏலத்தின் கடைசி விலையைச் சொன்னாள்.

"ஒரு தரம்... நத்தானியேல் சார், நீங்க?"

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்றுதான் ஆட்டினேன். "சார் கேக்கறாரு" என்றார். கடைப் பையன்கள் சிரித்தார்கள். ஃபீபி சிரிக்கவில்லை. விலையைக் கூட்டினாள். அவர் மறுபடி, "ரெண்டு தரம்... ரெனிட்டாம்மா?" என்றார். ரெனிட்டா, "நான் இந்த வெளையாட்டுக்கு வரல பாய்" என்றாள். ஃபீபி மறுபடி கூட்டினாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். "இதுக்கு மேல போனா நான் அரக்கோணம் ஏஜென்ட்டுகிட்ட போயி எடுத்துட்டு வந்துடுவேன் பாய். வண்டி வாடகை சேத்தாலும் கம்மி" என்றாள்.

அமீர் பாஷா கட்டையிலிருந்து இறங்கினார். "மூணு தரம்" என்றார். குறைத்துக்கொள்ளவில்லை. கேட்ட விலையை முழுதாக வாங்கிக்கொண்டார். சிலிண்டரை மட்டும் தன் ஆட்டோவில் தானே சபைக்குக் கொண்டுபோய் இறக்கினார். ஃபீபி ஏலத்தில் ஜெஃப்ரி அய்யாவிடம் வாங்கியதைவிட அமீர் பாஷாவுக்கு அதிகம் கொடுத்திருந்தாள்.

திரும்பி வரும்போது ரெனிட்டா கேட்டாள். "பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இட்லி விக்குமே ராஜம்மா, அவங்க காலையில கடைசியில நின்னாங்க. ஒருதடவையும் வாயைத் தொறக்கல. பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி."

"ரெண்டு நாளா கடை போடல."

"வெலை கம்மியா இருந்திருந்தா மட்டும் கெடைச்சிருக்குமா? பஞ்சாட்சரம் ஆளுங்க பத்து பேரு விடியறதுக்கு முன்னாடியே நிப்பாங்க."

"கெடைக்காம போயிருக்கலாம். அப்ப அது வரிசைன்னு போயிருப்பாங்க. இப்ப எல்லாரும் பாக்க வாயடைச்சி நின்னாங்க."



ஞாயிற்றுக்கிழமை விருந்து நடந்தது. ஜெஃப்ரி அய்யா முதல் பந்தியில் உட்காராமல் கடைசிவரை பரிமாறினார்.

திங்கட்கிழமை அன்பரசன் வந்தார். முதலில் ஜெஃப்ரி அய்யாவைப் பார்த்தார். சிலிண்டர் வந்ததா என்று கேட்டதற்கு அய்யா, "வந்துது, இருநூறு பேரு சாப்ட்டாங்க. தப்பு ரெண்டு பேரோடதும், நஷ்டம் அந்தப் பொண்ணுக்கு மட்டும்" என்று எழுதியே கொடுத்தார். அடுத்து பஜாருக்குப் போய் ஒவ்வொரு கடையாக விசாரித்தார். அமீர் பாஷா அவரை உட்கார வைத்து டீ கொடுத்தார்.

"ஏமாத்தறவ எங்கிட்ட வந்து அவ்ளோ குடுப்பாளா சார்? நானே பாவம்னு நெனச்சேன். ஆனா வாங்கிக்கினேன்" என்றாராம்.

சாயங்காலம் அன்பரசன் கடைக்கு வந்தார். ஒரு கடைகூட விலகவில்லை. அதனால் ஏஜென்சியைப் புதுப்பிப்பதாகச் சொன்னார். ஆனால் காகிதத்தில் புதிதாக ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டிருந்தது. ஏலம் கூடாது, தட்டுப்பாட்டுக் காலத்தில் கம்பெனி சொல்லும் விலைக்கு மட்டுமே விற்கவேண்டும்.

"பேரு கெட்டுடும் மேடம். தனியார்னாலே கொள்ளைன்னு ஏற்கெனவே பேசறாங்க" என்றார்.

ஃபீபி காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். நான் அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "உங்க பொருளு. உங்க விலை சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு. தப்புன்னு நெனக்கிறேன், அவ்ளோதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

வேலைநிறுத்தம் அப்போதும் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு வண்டி சிலிண்டர் மட்டும் வந்தது. புதன்கிழமை காலை அவள் கம்பெனி விலையைப் பலகையில் எழுதினாள். பழைய விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நான் ஷிஃப்ட்டுக்குப் போகும் வழியில் அங்கே நின்றேன். வரிசை மேம்பாலம் வரைக்கும் இருந்தது. பாதி முகங்கள் பஞ்சாட்சரத்தின் சமையல் ஆட்கள். ஆனால் வரிசையில் முதல் ஆள் ராஜம்மா. இட்லிக்காரி, அவள் எழுந்திருக்கும் நேரத்துக்கு யாரும் எழுந்திருக்க முடியாது. அவளுக்கு ஒன்று கிடைத்தது. அதை ஃபீபியே அன்று மதியம் ரெனிட்டாவுக்குப் போன் செய்து சொன்னாள். "அந்தம்மா விஷயத்துல நான் சொன்னது நடக்கல அண்ணி" என்றாள். மற்றதில் தன் கருத்து மாறவில்லை என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அரைமணி நேரத்தில் சிலிண்டர் தீர்ந்தது. ஃபீபி விலைக்குக் கீழே, வழக்கமாகக் காரணம் எழுதும் இடத்தில், "இருப்பு இல்லை" என்று எழுதினாள்.

டீக்கடைக்காரர்கள் வண்டியை நிறுத்திப் படித்துவிட்டுப் போனார்கள். பிறகு அமீர் பாஷா நடந்து வந்தார். விறகுப் புகை ஒத்துக்கொள்ளாமல் இருமிக்கொண்டே இருந்தார். கேஸுக்குத் திரும்பலாம் என்று வந்திருக்கிறார். பலகைக்கு எதிரே நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேல் வரியையும் கீழ் வரியையும் படித்தார்.

"வெலை சூப்பரா கீதும்மா" என்றார். "பொருளுதான் இல்ல."

ஃபீபி அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிர்க் கடையில் இரண்டு டீ சொன்னாள்.